வெயில் தாங்குமா இன்சுலின்?

பட்டாசு மருந்தை வெயிலில் போட்டு வைக்கக் கூடாது. சிவகாசி, விருதுநகர் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் இது தெரியும்.

நோய் தீர்க்கும் மருந்திலும் வெயிலுக்கு அஞ்சும் வகை உண்டு. சர்க்கரை நோயாளிகள் போட்டுக்கொள்ளும் இன்சுலின் அதில் ஒன்று. தடுப்பூசி மருந்துகள் பலவும் அப்படியே. பிரிஜ் இல்லாத வீடுகளில் இவற்றை எப்படிக் காப்பது?

முட்டையைப் பாருங்கள்!

காய்ச்சல் மாத்திரை ரசாயனப் பொருள். இன்சுலினோ ஒரு புரதம். முட்டையின் வெள்ளைக் கருவும் புரதம்தான். சூடு பட்டால் கட்டியாகிவிடும். பிறகு பழைய நிலைக்குத் திரும்பாது. இன்சுலினும் சூட்டில் மெல்ல மெல்ல வீரியம் இழக்கிறது. பார்வைக்குத் தெளிவாகவே இருக்கலாம். அதுதான் ஆபத்து. ஊசி போட்டும் சர்க்கரை இறங்காது.

பொறுமையான பரீட்சை

மாத்திரையை அதிகச் சூட்டில் சில மாதம் வைத்துப் பார்த்து, அதன் ஆயுளைக் கணக்கிட முடியும். புரத மருந்துக்கு அந்தக் குறுக்கு வழி போதாது. 2 ஆண்டு கெடாது என்று உறுதி சொல்ல, உரிய குளிரில் 2 ஆண்டு வைத்தே பார்க்க வேண்டும். முதல் ஆண்டில் 3 மாதத்துக்கு ஒரு முறை, அடுத்த ஆண்டில் 6 மாதத்துக்கு ஒரு முறை சோதனை. 1995-ல் வகுத்த சர்வதேச நெறிமுறை இது.

பெட்டியில் அச்சிட்ட தேதி இப்படிப் பிறந்ததுதான். ஆனால் அது 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்கும் மருந்துக்கு உரிய தேதி. அடுப்படி அலமாரிக்கு உரியதல்ல!

இரண்டு ஆராய்ச்சிகள்

புதுச்சேரி ஜிப்மரில் இன்சுலினை 28 நாள் 32, 37 டிகிரிச் சூட்டில் வைத்துச் சோதித்தார்கள். வீரியம் 14 முதல் 18 சதவிகிதம் குறைந்தது. இந்த முடிவு 2009-ல் வெளியாயிற்று.

2021-ல் வேறொரு முடிவு வந்தது. கென்யா நாட்டு அகதி முகாமின் சூட்டை ஜெனீவா பல்கலைக்கழகத்தார் ஆராய்ச்சிக்கூடத்தில் உண்டாக்கினார்கள். இரவில் 25 டிகிரி, பகலில் 37 டிகிரி. 4 வாரம் கழித்தும் இன்சுலின் வீரியம் குன்றவில்லை.

முன்னதில் இரவும் பகலும் ஒரே சூடு. பின்னதில் இரவில் தணிவு. ஏழை வீடுகளுக்கு இது நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் சிவகாசிக் கோடையில் பகல் வெயில் 37 டிகிரியையும் தாண்டுவது உண்டு. தகரக் கூரையின் கீழ் இன்னும் கொதிக்கும். ஆகவே அலட்சியம் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, அதனுள் சிறு பானையை வைத்து, அதில் மருந்தை நனையாமல் வைக்கலாம். நீர் ஆவியாகும்போது உள்ளே குளிரும். வறண்ட காற்றுள்ள ஊரில் இது நன்றாகவே பலிக்கும். மணல் காயாமல் நீர் தெளிக்க வேண்டும்.

பிரிஜ் உள்ளவர்கள் ஐஸ் அறையில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் உதவாது. திறந்த மருந்தை எத்தனை நாள் வைக்கலாம் என்பதைப் பெட்டிச் சீட்டில் பாருங்கள். அல்லது டாக்டரிடம் கேளுங்கள். ஊசி போட்டும் சர்க்கரை ஏறினால், மருந்து வெயில் பட்டதா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.