பரவியதா, வளைந்ததா?

சென்ற வாரம் ஒரு நாள் மாலையில், வாசற்புறத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சற்றே காற்று வாங்கிக்கொண்டிருந்தோம். அடுத்த வீட்டுப் பெண் பரீட்சை விடைத்தாள் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் பெண். எளிதில் கலங்கிவிடுகிறவள் அல்ல. அன்று கண்கள் சிவந்திருந்தன.

"மாமா, இதில் என்ன தப்பு என்று நீங்கள் சொல்லுங்கள்" என்று விடைத்தாளை நீட்டினாள்.

கேள்வி இதுதான்: அறைக்குள்ளே பேசுகிறவரைக் கதவுக்கு வெளியே சுவர் ஓரமாக நிற்பவர் காண முடிவதில்லை, ஆயினும் பேச்சு அவர் காதில் விழுகிறது. இதற்குக் காரணமான நிகழ்ச்சியின் பெயர் என்ன? பெண் எழுதியிருந்த விடை, 'பரவல்'. அதன் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. பக்கத்தில் ஒரு பூஜ்யம். 'விளிம்பு விளைவு' என்று எழுதியிருக்க வேண்டுமாம்.

"ஒலி பரவுகிறது என்றுதானே எல்லாரும் சொல்கிறார்கள்? பரவுவதைப் பரவல் என்று எழுதினால் அது எப்படித் தப்பாகும்?" என்று கேட்டாள்.

நியாயமான கேள்வி என்றே நமக்குத் தோன்றியது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவளுடைய தகப்பனார் வந்து சேர்ந்தார். "பார்த்தீர்களா, ஸார்? சாஸ்திரத்தைத் தமிழில் படித்தால் இந்தக் கதிதான். இவள் தம்பியையாவது அடுத்த வருஷம் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடப் போகிறேன்" என்றார்.

ஆக, ஒரு மதிப்பெண்ணில் ஆரம்பித்த வழக்கு ஒரு பாஷையின் தலையில் போய் விழுந்துவிட்டது. முதலில் பெண்ணின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். தகப்பனாரின் தீர்ப்பைப் பிறகு விசாரிப்போம்.

தமிழில் 'பரவுதல்' என்பது மிகவும் தாராள மனசுள்ள சொல். வெளிச்சம் பரவுகிறது, வாசனை பரவுகிறது, வதந்தி பரவுகிறது, வியாதி பரவுகிறது, ஒருவருடைய கீர்த்தியும் பரவுகிறது. ஆனால் சாஸ்திரக்காரர்கள் இந்தச் சொல்லைக் கையில் எடுத்து நாலு பக்கமும் வேலி கட்டி, டிப்யூஷன் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் ஒரே ஒரு காரியத்திற்கென்று ஒதுக்கிவிட்டார்கள். அந்த வேலி எங்கே இருக்கிறது என்பதைப் பெண்ணுக்கு யாரும் காட்டவில்லை. சங்கடம் அவ்வளவுதான்.

அந்தக் காரியம் என்ன? ஒரு தம்ளர் குளிர்ந்த ஜலத்தின் அடியில் ஒரு கரண்டி சர்க்கரையைப் போட்டு, கலக்காமல், அசைக்காமல் வைத்துவிடுங்கள். சர்க்கரை அடியில் கரைகிறது. கரைந்த சர்க்கரையின் அணுத்திரள்களை மேலே தள்ளுவார் யாரும் இல்லை. ஆனால் ஜலத்தின் அணுத்திரள்கள் ஒரு கணமும் சும்மா இருப்பதில்லை. நாலா பக்கமும் முட்டி மோதிக்கொண்டே இருக்கின்றன. அந்த நெரிசலில் சர்க்கரையும் இங்கே ஓர் இடி, அங்கே ஓர் இடி வாங்கி, திக்குத் திசை தெரியாமல் அலைகிறது. அப்படி அலைந்து அலைந்தே, நெருக்கமாக இருந்த இடத்திலிருந்து நெருக்கமில்லாத இடத்திற்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. ராபர்ட் பிரௌன் என்ற தாவர சாஸ்திரி 1827-ல் ஜலத்தில் மிதந்த நுண்துகள்கள் ஓயாமல் துடிப்பதை உருப்பெருக்கியின் மூலம் கண்டார். அந்தத் துடிப்புக்கு இந்த மோதல்களே காரணம் என்று 1905-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் ஐன்ஸ்டீன்.

இந்த அலைச்சலுக்கு ஒரு விசித்திரமான கணக்கு உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் நேரம் நாலு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். ஆகையால் இது அருகில் ஓடுகிற குதிரை. தொலைவில் நொண்டுகிற ஆமை. தம்ளரின் அடியில் கிடக்கும் சர்க்கரை தானாகவே மேலேறி ஒரே தித்திப்பாக ஆவதற்கு வாரக் கணக்கில் காத்திருக்க வேண்டும். நம் வீடுகளில் காபியை ஆற்றிக் கொடுப்பது சூடு தணிவதற்காக மட்டும் அல்ல என்பது இப்போது விளங்குகிறதல்லவா? பூஜை அறையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம் கூடத்துக்கு வந்து சேர்வதைக்கூடப் பலர் இதற்கு உதாரணமாகச் சொல்லுகிறார்கள். உண்மையில் அதைச் சுமந்துகொண்டு வருவது பெரும்பாலும் காற்றின் ஓட்டம். காற்று அடியோடு அசையாமல் நின்றுவிட்டால், பத்தடி தூரம் வருவதற்கு அந்த மணம் நாட்கணக்கில் தவம் செய்யவேண்டியதுதான்.

இதைப் பெண்ணிடம் சொல்லிவிட்டு, "உன் அம்மாவின் குரல் இந்த ரீதியில் பரவி வருவதாயிருந்தால், இன்று சமையலறையிலிருந்து 'சாப்பிட வா' என்று கூப்பிட்டது அடுத்த வாரம்தான் உன் காதில் விழும்" என்றோம். சிவந்த கண்களில் முதல் தடவையாகச் சிரிப்புத் தெரிந்தது.

குரல் வருகிற வழி வேறு. குரல் ஒரு பொருள் அல்ல. காற்றிலே எழும் அலை. கதவின் வழியாக வெளியே வரும் அலை, நிலையின் விளிம்பைத் தாண்டியதும் நேர்க்கோட்டில் மட்டும் போவதில்லை. பக்கவாட்டிலும் வளைந்து செல்கிறது. துறைமுகத்துச் சுவரின் இடைவெளி வழியாக உள்ளே நுழையும் கடலலை, நுழைந்தவுடன் வில்லைப்போல் விரிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இதைத்தான் டிப்ராக்ஷன் என்கிறார்கள். எவ்வளவு வளையும் என்பது, அலையின் நீளத்திற்கும் வாயிலின் அகலத்திற்கும் உள்ள பொருத்தத்தைப் பொறுத்தது. நம் பேச்சொலியில் கனத்த அலைகள் சுமார் ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் வரை நீளமுள்ளவை. கதவின் அகலமோ ஏறக்குறைய ஒரு மீட்டர். ஆகவே தாராளமாக வளைகின்றன. சுவர்களில் மோதித் திரும்பும் ஒலியும் ஓரளவு துணை செய்கிறது. வெளிச்சத்தின் அலை நீளமோ, ஒரு மில்லிமீட்டரை இரண்டாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு. அதற்கு நம் கதவு ஒரு மைதானம்! வளைவதற்கு அவசியமே இல்லாமல் நேரே போய்விடுகிறது. அதனால்தான் அம்மாவின் குரல் மூலை திரும்பி வருகிறது. அம்மாவின் முகம் வருவதில்லை.

சர்க்கரை பரவினால் ஜலம் தித்திப்பாகவே நின்றுவிடும்; பழைய நிலைக்குத் தானாகத் திரும்பாது. குரல் வளைந்து வந்தாலோ, காற்று ஒரு கணம் அசைந்து பழையபடி ஆகிவிடும். ஒன்றில் பொருளே பிரயாணம் செய்து கலந்துவிடுகிறது. மற்றொன்றில் அலை மட்டும் வந்து போகிறது. சிவப்பு மைக் கோடு நியாயமானதே என்று பெண் ஒப்புக்கொண்டாள்.

இனித் தகப்பனாரின் வழக்கு. இங்கிலீஷில் படித்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது என்கிறாரே, அது மெய்தானா?

டிப்ராக்ஷன் என்ற பெயரை வைத்தவர் இங்கிலீஷ்காரர் அல்ல. இத்தாலி தேசத்துப் பொலோஞா நகரில் வாழ்ந்த பிரான்செஸ்கோ மாரியா கிரிமால்டி என்ற பாதிரியார். இருட்டறைக்குள் ஊசித் துவாரத்தின் வழியாகச் சூரிய வெளிச்சத்தை விட்டு, அதில் ஒரு சிறு பொருளை வைத்து, அதன் நிழலைக் கவனித்தார். நிழல் கணக்குப்படி இருக்கவேண்டியதைக் காட்டிலும் அகலமாக இருந்தது. அதன் ஓரங்களில் வர்ணக் கோடுகளும் தென்பட்டன. வெளிச்சம் விளிம்பிலே உடைந்து தனித்தனிக் கூறுகளாகப் பிரிகிறது என்று கருதி, 'துண்டாக உடைதல்' என்று பொருள்படும் லத்தீன் சொல்லால் அதற்குப் பெயரிட்டார். அவர் 1663-ல் காலமானார். புஸ்தகம் 1665-ல் வெளிவந்தது.

ஆனால் வெளிச்சம் அங்கே உடைவதே இல்லை! அலை வளைவதும், வளைந்த அலைகள் ஒன்றோடொன்று கூடிக் கழிவதுமே அந்த வர்ணக் கோடுகளுக்குக் காரணம். இதைப் பிரான்ஸ் தேசத்து பிரெனெல் 1818-ல் கணித ரீதியாக எழுதிப் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தின் போட்டிக்கு அனுப்பினார். பரிசோதித்தவர்களில் ஒருவரான புவாஸோன், "இது உண்மையானால் வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்ட நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி இருக்கவேண்டுமே; அது எப்படிச் சாத்தியம்?" என்று மடக்கினார். அராகோ என்பவர் செய்து பார்த்தார். நிழலின் நடுவே வெளிச்சப் புள்ளி இருந்தது! கிரிமால்டியின் கருத்து மாறிப்போயிற்று. அவர் வைத்த பெயர் மட்டும் மாறவில்லை. உடையாத ஒன்றை 'உடைதல்' என்ற பெயராலேயே உலகம் இன்றுவரை அழைக்கிறது.

டிப்யூஷன் கதையும் அப்படித்தான். லத்தீனில் அதற்கு 'நாலா பக்கமும் ஊற்றுதல்' என்று பொருள். சர்க்கரை ஜலத்தில் விரவுவதற்கும் அந்தச் சொல். பனிக்கண்ணாடி வழியே மென்மையாக விழும் வெளிச்சத்திற்கும் அந்தச் சொல். ஒரு தேசத்துப் பழக்கம் இன்னொரு தேசத்திற்குப் போவதற்கும் அந்தச் சொல். போதாக்குறைக்கு, டிப்ராக்ஷன், டிப்யூஷன் என்று இரண்டும் இரட்டைப் பிள்ளைகளைப்போல் ஒரே முகத்தோடு ஆரம்பிக்கின்றன. இங்கிலீஷ் படிக்கும் பிள்ளைகளும் இங்கே தடுமாறக்கூடியவர்களே. அவர்கள் தடுமாறினால், பிள்ளை கவனமாகப் படிக்கவில்லை என்கிறோம். தமிழ்ப் பிள்ளை தடுமாறினால் மட்டும் பாஷையே போதாது என்கிறோம்!

நம் சொற்களில் குறையே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. 'விளிம்பு விளைவு' என்பது காரியம் எங்கே நடக்கிறது என்று சொல்லுகிறது. என்ன நடக்கிறது என்று சொல்லவில்லை. இலங்கைத் தமிழர்கள் இதையே 'கோணல்' என்கிறார்கள். அது என்ன நடக்கிறது என்று சொல்லுகிறது. எங்கே என்று சொல்லவில்லை. டிப்யூஷனுக்குப் 'பரவல்' என்பதைவிட, தமிழ்நாட்டுப் பாட புஸ்தகங்களில் காணும் 'விரவல்' என்ற சொல் நமக்குப் பிடித்தமானது. தெற்கே புட்டுக்கு மாவு விரவுகிறவர்கள் அதை இன்றும் அடுக்களையில் வழங்குகிறார்கள். இந்தப் பெண் 'விரவல்' என்று படித்திருந்தால், குரல் விரவி வருகிறது என்று ஒருகாலும் எழுதியிருக்கமாட்டாள். 1916-ல் சேலத்தில் ராஜாஜி முதலியோர் சாஸ்திர பரிபாஷைக்கென்றே ஒரு சங்கம் கண்டார்கள். நூறு வருஷங்களுக்குப் பிறகும் அந்த வேலை பாக்கி இருக்கிறது. அதைச் செய்து முடிக்கவேண்டுமே தவிர, வேலை பாக்கி என்பதற்காக வீட்டையே காலி செய்துவிடலாமா?

பார்க்கும் கண்ணும் நமக்கு இல்லாமற் போகவில்லை. சந்திரனைச் சுற்றிக் கோட்டை கட்டியிருக்கிறது என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. 'அகல் வட்டம் பகல் மழை' என்று பழமொழியும் இருக்கிறது. மழை வருமா வராதா என்பது வேறு விஷயம். வட்டத்தில் அகல் வட்டம் என்று ஒரு வகை தனியாக உண்டு என்பதை நம் முன்னோர் கண்டிருக்கிறார்கள் அல்லவா? சந்திரனிலிருந்து ஒரு சாண் விலகி நிற்பதுபோல் தோன்றும் அகல் வட்டம், உயர்ந்த மேகங்களிலுள்ள பனித் துகள்களினுள் வெளிச்சம் புகுந்து விலகுவதால் உண்டாவது. சந்திரனை ஒட்டினாற்போல், உள்ளே நீலமும் வெளியே சிவப்புமாகத் தெரியும் சிறு வட்டமோ, நுண்ணிய நீர்த்துளிகளால் விளையும் விளிம்பு விளைவு.

இதெல்லாம் வெறும் வேடிக்கையும் அல்ல. எக்ஸ் கதிர்களின் விளிம்பு விளைவைக் கொண்டுதான் கண்ணுக்கெட்டாத அணுக்களின் அமைப்பை அளக்கிறார்கள். நம் தோலுக்கும் தசைநார்களுக்கும் பலம் தருகிற கொலாஜன் என்ற புரதம் மூன்று புரிகளாக முறுக்கிய அமைப்புடையது என்று 1954-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கண்டு சொன்னது அந்த வழியிலேதான்.

இவ்வளவும் பேசி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. நண்பர் கையில் ஒரு கறுப்புக் குடை இருந்தது. அதை விரிக்கச் சொல்லி, "துணியின் வழியாகத் தெருக்கோடி விளக்கைப் பாருங்கள்" என்றோம். தகப்பனார் பார்த்தார், பேசவில்லை. பெண் பிடுங்கிப் பார்த்தாள். ஒரு விளக்கு பல விளக்குகளாகி, சிலுவைக் குறிபோல் வரிசையாக நின்றது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் இலேசான நீலமும் சிவப்பும். குடைத் துணியின் நூலிழைகளுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகளில் வெளிச்சம் வளைந்து செய்த வேலை.

"இதுதான் விளிம்பு விளைவா?" என்றாள் பெண். "இதை முன்னாலேயே காட்டியிருந்தால் நான் ஏன் தப்பாக எழுதுகிறேன்?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. பெரியவர்களாகிய நாம் எல்லாரும் சொல்லவேண்டிய பதில் அது.

தகப்பனார் குடையை மடக்கிக்கொண்டு புறப்பட்டார். பையனை எந்த வகுப்பில் சேர்ப்பதென்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. ஆனால் மறுநாள் இரவு அவர் வீட்டு மாடியில் அதே குடை விரிந்திருந்தது. அதன் கீழே பையனும் நின்றுகொண்டிருந்தான்.