கருமணலும் கம்பிச்சுருளும்

பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் கையால் செய்த மின்னாக்கிக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. அட்டைக் குழாயின் மீது எனாமல் பூசிய செப்புக்கம்பியைச் சில நூறு சுற்றுகள் சுற்றி, அதன் வாயருகே வலிய காந்தம் ஒன்றைச் சுழற்றினால், சிறிய எல்.இ.டி. விளக்கு மினுக்கும். ஒளியைக் கூட்ட விரும்பும் மாணவர் சிலர் குழாயினுள் கருமணலை நிரப்புகின்றனர். 'இலவச மின்சாரம்' என்று பலகையும் எழுதி வைக்கின்றனர். மணலை நிரப்பியது பாராட்டத்தக்க முயற்சி. பலகையைத்தான் அகற்ற வேண்டும்.

கருமணலைத் தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. காந்தத்தைப் பாலித்தீன் பையில் பொதிந்து, உலர்ந்த ஆற்றுமணலில் துழாவினால் கரிய துகள்கள் முள் முள்ளாகக் குத்திட்டு நிற்கும். பையைக் கழற்றினால் அவை தாமே உதிரும்; பையில்லாக் காந்தத்தில் ஒட்டிய துகளை அகற்றுவது பெரும்பாடு. இத்துகள்களுள் பெரும்பாலானவை மேக்னடைட் என்னும் இரும்பு ஆக்சைடு. சேலத்துக் கஞ்சமலையின் இரும்புத்தாதுவிலும் இருப்பது இதுவே. மும்பை, புணே நகரங்களைச் சூழ்ந்த தக்காணப் பகுதியின் கரும்பாறை பண்டைய எரிமலைக் குழம்பு இறுகியது. அது சிதைந்து உண்டான மண்ணிலும் மேக்னடைட் மிகுதி.

கடற்கரைக் கருமணலின் செய்தி வேறு. விடுமுறைக்குக் குமரி மாவட்டம் செல்லும் பிள்ளைகள் மணவாளக்குறிச்சிக் கரையிலிருந்து ஒரு பை மணல் கொண்டுவர ஆசைப்படலாம். அங்குள்ள கரிய மணலில் பெரும்பகுதி இல்மனைட். அதனைக் காந்தம் மிக மெலிதாகவே ஈர்க்கும். கறுத்திருப்பதெல்லாம் மேக்னடைட் அன்று. மேலும், அம்மணலில் தோரியம் அடங்கிய மோனசைட்டும் கலந்துள்ளது. அது கதிரியக்கம் உடையது. கேரளத்தின் சவறா, ஒடிசாவின் சத்ரபூர் ஆகிய இடங்களின் கடல்மணலும் அத்தகையதே. வீட்டில் அள்ளிவைத்து விளையாடும் பொருள் அன்று அது. ஊர் ஆற்றுமணலே போதும்.

சுருளின் நடுவில் இருப்பது காற்றானால், காந்தப்புலத்தின் பெரும்பகுதி சிதறிப்போகும். தேனிரும்பு இருந்தால் புலம் அதனுள் திரண்டு சுருளின் வழியே பாயும். தேனிரும்பின் உட்புகுதிறன் காற்றைப்போல் ஆயிரக்கணக்கான மடங்கு. மணலோ மணிகளால் ஆனது. மணிக்கு மணி இடைவெளி. குழாயில் பாதி இடத்தை மணல்மணிகளும் மறுபாதியைக் காற்றோ பசையோ நிரப்பியிருந்தால், மணிகள் எத்துணைக் காந்தத்தன்மை உடையனவாயினும், உள்ளகத்தின் மொத்த உட்புகுதிறன் காற்றைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கே இருக்கும் எனக் கணக்கு காட்டுகிறது. குட்டையான உள்ளகத்தில் இரும்பின் முழு ஆற்றலும் வெளிப்படாது என்பது உண்மை. ஆயினும், ஒரு கட்டு ஆணிகளே மணலை எளிதில் முந்திவிடும்.

அவ்வாறாயின் மணல் எதற்கு என்று ஒதுக்குவோர் உளர். அதுவும் அவசர முடிவே. திண்ணிய இரும்பினுள் மாறும் காந்தப்புலம் சுழல் மின்னோட்டங்களை எழுப்பி, ஆற்றலை வெப்பமாக வீணாக்கும். அதனாலேயே மின்மாற்றிகளில் மெல்லிய தகடுகளை அடுக்குகின்றனர். மேக்னடைட் இரும்பைவிட மிகக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும். பசையோ மணிகளைத் தனித்தனியே பிரித்து வைக்கும். ஆகவே அவ்விழப்பு இங்கு மிகச் சிறிது. மேக்னடைட் சார்ந்த ஃபெரைட் குடும்பத்துப் பொருள்களை 1930இல் டோக்கியோவில் யோகொரோ கட்டோவும் டக்கேஷி டக்கெய்யும் உள்ளகங்களுக்கு ஏற்றவையாக உருவாக்கினர். பழைய ஒலிபெருக்கியின் பின்புறம் உள்ள கரிய வளையக் காந்தமும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

இரும்புக்கு இன்னொரு குறையும் உண்டு: சுழலும் காந்தத்தை அது பிடித்து நிறுத்தப் பார்க்கும். ஸ்காட்லாந்தின் ஹியூ பிகாட் வடிவமைத்த, வீட்டிலேயே செய்யத்தக்க காற்றாலையில், பிசினில் வார்த்த சுருள்கள் இரும்பு உள்ளகமின்றியே இரு காந்தத் தட்டுகளுக்கிடையே நிற்கின்றன. இழுத்துப் பிடிக்க இரும்பு இல்லாததால் மென்காற்றிலும் அது சுழலத் தொடங்கும். அத்தகைய சுருளின் நடுத்துளையில் மணற்பிசினை வார்த்துப் பார்ப்பது பொருளுள்ள சோதனை: பயன் சிறிது கூடலாம், இழுப்பும் சிறிது கூடலாம். எது மேலோங்கும் என்பதை அளந்தே அறிய வேண்டும்.

எந்த உள்ளகமும் ஆற்றலைப் படைப்பதில்லை. வலிய காந்தமும் பெரிய சுருளும் இருந்தால் இதைக் கையே உணரும். விளக்கை இணைத்தவுடன் கைப்பிடி கனக்கும். இணைப்பை நீக்கினால் இலேசாகும். விளக்கின் ஒளிக்கு விலை கொடுப்பது சுழற்றும் கைதான். 'இலவசம்' என்னும் சொல் அந்தக் கையின் உழைப்பை மறைக்கிறது.

ஃபாரடே 1831இல் மின்காந்தத் தூண்டலை ஆராய்ந்தபோது, மரத்துண்டின் மீது சுற்றிய சுருளில் முள் மிகச் சிறிதே அசைந்தது. இரும்பு வளையத்தில் சுற்றியபோது பேரளவில் அசைந்தது. அவர் இரண்டையும் எழுதி வெளியிட்டார். மரத்தில் கிடைத்த சிறிய அசைவை மறைக்கவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை.

கண்காட்சி நடுவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எந்த விளக்கு மிகுதியாக ஒளிர்கிறது என்று பார்த்து மதிப்பெண் இட்டால், மாணவர் ஒளியை மட்டுமே தேடுவர். மணல் நிரப்பிய குழாயினுள் யாரும் அறியாமல் ஓர் ஆணியைச் செருகவும் துணிவர். நடுவர் கேட்க வேண்டியது, "வெறுங்குழாயில் எவ்வளவு, மணலில் எவ்வளவு, ஆணிக்கட்டில் எவ்வளவு?" என்பதே. சுருள் ஒன்றாகவே இருக்க வேண்டும்; உள்ளகம் மட்டும் மாற வேண்டும். கையால் சுற்றினால் வேகம் சீராக இராது; பொம்மை மோட்டாரின் அச்சில் காந்தத்தை ஒட்டிச் சுழற்றலாம். ஆணிக்கட்டை வைத்தவுடன் மோட்டார் திணறினால், அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். மல்டிமீட்டரில் அலைவெண் அளக்கும் வசதி இருந்தால் சுழற்சி வேகமும் தெரிந்துவிடும். பலகையில் எழுத வேண்டியவை அந்த மூன்று அளவுகளும் அவற்றின் அருகே மூன்று வேகங்களுமே. மணலின் எண் வெறுங்குழாயின் எண்ணைவிடச் சற்றே பெரிதாக இருந்தாலும் சரி, வேறுபாடே தெரியாவிட்டாலும் சரி.