உறங்குமுன் ஒரு கதை

தில்லி, மும்பை போன்ற நகரங்களில் வளரும் தமிழ்க் குழந்தைகள் பள்ளியிலும் தெருவிலும் பிற மொழிகளையே மிகுதியாகக் கேட்கின்றனர். வீட்டில் கேட்கும் தமிழும் பல வேளைகளில் "சாப்பிடு", "குளி", "புறப்படு" என்னும் ஏவல்களோடு முடிந்துவிடுகிறது. குகை, வேடன், தந்திரம், பேராசை போன்ற சொற்கள் அன்றாடப் பேச்சில் அரிதாகவே வரும். கதைதான் அவற்றைக் குழந்தையின் செவிக்குக் கொண்டுவருகிறது.

ஆகவே, இரவில் பத்து நிமிடமேனும் தமிழ்க் கதை படித்துக்காட்டுவது நன்று. எழுத்தறியாக் குழந்தையும் படத்தைப் பார்த்து, அடுத்து நிகழ்வதை ஊகிக்கிறது, "நரி ஏன் பொய் சொன்னது?" என வினவுகிறது. கைப்பேசியும் கதை சொல்லும். ஆனால், குழந்தையின் முகம் பார்த்து நிறுத்தி விடை கூறாது. கேட்ட கதையையே மீண்டும் கேட்டால் கடிந்துகொள்ளலாகாது. திரும்பத் திரும்பக் கேட்பதால் சொற்கள் மனத்தில் பதிகின்றன.

களைத்து வரும் பெற்றோருக்கு நேரம் கிடைப்பது அரிது என்பது உண்மையே. அந்நாள்களில், தமிழ் படிக்கக் கற்ற அண்ணனோ அக்காளோ அப்பணியை ஏற்கலாம். 1957-இல் தொடங்கப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிடும் தமிழ்ச் சிறுவர் நூல்கள் இதற்கு உதவும்.

இவ்வாறு வளரும் குழந்தை, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பாட்டியின் பேச்சுக்குத் தலையசைப்பதோடு நில்லாது. அவருக்கே ஒரு கதை சொல்லும்.