காரணம் சொல்லாமல் வெளியேற்றலாமா?



வேலை போனால் வீடும் போகும் என்பது தோட்டத்து மக்களுக்குப் புதிய செய்தி அன்று. லயத்து வீடு வேலையோடு கட்டுண்ட வீடு. செக்ரோலில் பெயர் நீங்கினால் சட்டி பானையைத் தூக்க வேண்டியதுதான். அந்த அச்சத்தால், கூரை ஒழுகினாலும் வாய் திறவாமல் கிடந்த குடும்பங்கள் எத்தனை!

தோட்டங்கள் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பின், நம்மவர் பட்டணத்து வாடகை வீடுகளில் குடியேறினர். துரை போய் வீட்டுக்காரர் வந்தார். அச்சம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

இந்நிலையில் இங்கிலாந்தில் நடந்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். அங்கே 1988-ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் காரணமே கூறாமல், இரண்டு மாத அறிவிப்பில் குடியிருப்போரை வெளியேற்ற வழி வகுத்தது. 2025 அக்டோபர் 27-இல் அரச ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் அந்தப் பிரிவை ஒழித்தது. அதற்குக் குறிக்கப்பட்ட நாள் 2026 மே 1. ஆம், நம் தொழிலாளர் தினமேதான்!

வாடகையை ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் உயர்த்தலாகாது. அதையும் இரண்டு மாதம் முன்னரே எழுத்தில் அறிவிக்க வேண்டும். மிகையெனத் தோன்றினால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பிள்ளைகள் உண்டு என்பதற்காக வீடு மறுக்கலாகாது.

“வீட்டுக்காரர் மட்டும் மனிதரில்லையா?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்வியே. ஓய்வுபெற்ற தொழிலாளி சேமநிதிப் பணத்தில் ஒரு மலிவு வீடு வாங்கி வாடகைக்கு விட்டிருக்கலாம். அவரையும் அச்சட்டம் கைவிடவில்லை. முதல் 12 மாதம் கழிந்தபின், தாம் குடியேறவோ விற்கவோ விரும்பினால், நான்கு மாத அறிவிப்புத் தந்து வீட்டைக் கேட்கலாம். மூன்று மாத வாடகை பாக்கி நின்றாலும் கேட்கலாம். ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டும். மறுத்தால் நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். வாடகைக்கு உச்சவரம்பு வைக்காதது அச்சட்டத்தின் குறைதான். எனினும் கேள்வி கேட்டவனைத் துரத்தும் ஆயுதம் பறிக்கப்பட்டது பெரிய காரியம்.

இங்கே நம் நிலை என்ன? பால் வெட்டும் அண்ணன் ஒருவர் என்னிடம் கடிதம் எழுத வந்தார். பட்டணத்தில் அவர் மகள் குழாய் ஒழுகுகிறது என்று முறையிட்டாள். மறுவாரம் கதவில் புதுப்பூட்டு. “வீடு அவங்களோடது, நாம என்னா செய்ய முடியும், கிராணி?” என்றார்.

முடியும்! நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம், 7(2) பிரிவின்படி, வாடகைக்காலம் முடிந்த பின்னும் குடியிருப்பவரை நீதிமன்றத்தின் வழியாகவே வெளியேற்ற வேண்டும். பூட்டை மாற்றுவது வழியன்று. இது தெரியாமலேயே நம்மவர் மூட்டை கட்டிவிடுகின்றனர்.

ஆனால் வாடகை உயர்வைத் தட்டிக் கேட்க இடமில்லை. பழைய கட்டடங்களுக்கு இருந்த 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1997-இல் நீக்கப்பட்டது.

ஆகவே தோழர்களே, ஒப்பந்தத்தை எழுத்தில் கேளுங்கள். வைப்புப் பணத்துக்கும் வாடகைக்கும் ரசீது வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். கிளைக் கூட்டங்களில், குடியிருப்போரைக் காக்கும் தனிச்சட்டம் வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். கூலிக்கு ஒன்றுபட்ட நாம், கூரைக்கும் ஒன்றுபட வேண்டாமா?