பிரசவித்த தாயும் இரத்த உறைவின் அச்சமும்

சிஸேரியன் என்னும் சத்திர சிகிச்சையால் மகப்பேறடைந்த தாய்மார் பலருக்கு, அதன் பின்னர் வரும் நாட்களில் ஓர் அச்சம் தோன்றுவதுண்டு. காலில் இரத்தம் உறைந்து, அவ்வுறைவு இடம்பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடுமோ என்பதே அது. குழவி உறங்கும் நள்ளிரவிலும் தாய் உறங்காது தன் கெண்டைக்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கின்றாள். அதனை அருகிலுள்ளாரிடம் வாய்விட்டுரைத்தால், "எல்லாம் மனப்பிராந்தி, கவலைப்பட்டால் பால் வற்றிப்போகும்" என்னும் விடையே பெரும்பாலும் கிடைக்கின்றது. இவ்விடையை யாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. தாயின் அச்சத்திற்குக் காரணமுண்டு. அதனை அடக்குவதினும் கேட்பதே அவள் உயிருக்குக் காவலாம்.

காரணம் யாதெனின், பேற்றின்போது உதிரம் பெருகித் தாய் மடியாதிருத்தற்பொருட்டு, கர்ப்ப காலத்திலேயே இரத்தத்தின் உறையுந்தன்மை மிகுகின்றது. வளர்ந்த கருப்பை இடுப்பிலுள்ள பெருநாளங்களை அழுத்துதலால், கால்களினின்று மேலேற வேண்டிய இரத்தம் தேங்குகின்றது. இடக்காலில் இத்தேக்கம் அதிகம். இவற்றோடு சத்திர சிகிச்சையின் காயமும், அதன்பின் அசையாது கிடத்தலும் சேர்கின்றன. நுரையீரலை அடைக்கும் உறைவு பிற இடத்து நாளத்தில் தோன்றி இரத்த ஓட்டத்தோடு அங்கு வந்து சேர்வது என்பதை, ஜெர்மன் தேசத்து வைத்திய அறிஞர் ருடால்ப் விர்க்கோ (1821-1902) 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் விளக்கினார். ஓட்டத்தின் தேக்கம், நாளச்சுவரின் ஊறு, இரத்தத்தின் உறையுமியல்பு என்னும் மூன்றும் இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றன. சிஸேரியனுற்ற தாயிடத்தில் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன என்பதை நோக்குக.

ஆயினும் நடுக்கமுறுதற்கு இடமில்லை. கர்ப்பகாலமும் பேற்றின் பின்னரான வாரங்களும் சேர்ந்த காலத்தில், 1,000 பேரில் ஒருவர் அல்லது இருவர்க்கே இவ்வுறைவு நேர்கின்றது. இயல்பான பேற்றினும் சிஸேரியனில் இஃது ஏறக்குறைய 4 மடங்கு என்பர். முதற் சில வாரங்களே அதிக ஆபத்துடையன. 6 வாரம் வரை விழிப்பு வேண்டும். தமிழ்நாட்டில் 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 100 பேறுகளில் ஏறக்குறைய 45 சிஸேரியன் பேறுகளாகும். ஆதலின் இஃது எங்கோ சிலருடைய கதையன்று. இதனை வாசிப்போர் பலரின் இல்லத்துக் காரியமேயாம்.

அமெரிக்க டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் அம்மையார்க்கு நேர்ந்ததை ஈண்டு நினைவூட்ட விரும்புகின்றோம். 2011-இல் அவருக்கு நுரையீரலில் இரத்த உறைவு உண்டாயிற்று. 2017 செப்டம்பரில் சிஸேரியனால் ஒரு பெண்மகவைப் பெற்ற மறுநாள், மூச்சுத் திணறக் கண்டு, முன்னைய அனுபவத்தால் நோய் இன்னதென்று உடனே ஊகித்தார். வேண்டிய பரிசோதனை இது, வேண்டிய மருந்து இது என்று தாமே நர்ஸிடம் கூறினார். வலிமருந்தின் மயக்கத்தால் பிதற்றுகின்றார் போலும் என்று அந்நர்ஸ் கருதினாராம். முதலில் கால்களைச் சோதித்தனர். அங்கு ஒன்றுங் காணவில்லை. பின்னரே நுரையீரலைப் படம்பிடித்தனர். ஆங்குச் சிறு உறைவுகள் பல இருந்தன. இதனை 2018-இல் அவரே வெளியிட்டார். உலகறிந்த செல்வியார், மருந்தின் பெயரையுங் கூறவல்லவர், அவர் சொல்லே முதலில் ஏறவில்லை எனின், மாமியார்க்கும் மருத்துவர்க்கும் அஞ்சி வார்டின் மூலையிற் கிடக்கும் இருபது வயதுப் பெண்ணின் சொல் யார் செவியில் ஏறும்?

இனி நம் இல்லங்களின் வழக்கத்திற்கு வருவோம். "பச்சை உடம்பு, எழுந்திராதே" என்பது நம் பாட்டிமார் வாக்கு. அவர்களை யாம் எள்ளுதற்கில்லை. நெல் குத்தலும் நீர் சுமத்தலும் காத்திருந்த வீட்டில், பிள்ளைபெற்றவளுக்கு ஓய்வு வாங்கித்தந்த வாக்கு அது. மேனாட்டு வைத்தியசாலைகளும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாய்மாரைப் பத்து நாளும் அதன் மேலும் படுக்கவைத்தன. 1940-களிலேதான் அவ்வழக்கம் தளர்ந்தது. வேலையினின்று ஓய்வு வேறு, அசையாது கிடத்தல் வேறு. மரத்த கால்களில் உணர்வு மீண்டபின், வைத்தியர் சொற்படி பிறர் கைப்பற்றி எழுந்து நாலடி நடத்தலே தாய்க்கு நன்று. படுத்திருக்கும்போதும் கணுக்காலை மேலுங் கீழுமாக அசைத்தல் வேண்டும். தண்ணீர் குடித்தால் வயிறு பெருக்கும் என்று தாகத்தோடு வைத்திருப்பது மிகத் தவறு. நீர் வறண்ட உடம்பில் உறைவு எளிதில் உண்டாம்.

மற்றொரு குழப்பமும் உண்டு. பேற்றின் பின் உதிரத்தோடு வெளிப்படும் சிறு கட்டிகளையும், நாளத்துள் உண்டாகும் உறைவையும் நம்மவர் "இரத்தக் கட்டி" என்னும் ஒரே பெயரால் வழங்குகின்றனர். முன்னது கருப்பையினின்று வருவது; சிறிதாயின் இயல்பே. பெரிய கட்டிகள் வரினும், ஒரு மணி நேரத்தில் துணி முழுதும் நனையினும் மருத்துவரிடம் விரைதல் வேண்டும். பின்னதோ கண்ணுக்குத் தெரியாதது. இரு கால்களும் சிறிது வீங்குதல் பலர்க்கும் உள்ளது. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்துச் சூடேறுமாயின் ஐயுற வேண்டும். அக்காலுக்கு எண்ணெயிட்டு உருவிவிடுதல் கூடவே கூடாது. உறைவு பெயர்தற்கு அதுவே வழியாகலாம். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்குங்கால் மார்பில் குத்துவலி, மயக்கம், இருமலில் இரத்தம் இவற்றுள் எதுவாயினும் பொழுது விடியட்டும் என்று காத்திருத்தலாகாது. கால் நன்றாயிருத்தலால் நுரையீரலும் நன்றென்று கொள்ளற்க. மேற்கூறிய அம்மையாரின் கால்களில் ஒன்றுமில்லை அன்றோ!

ஆபத்து மிகுந்த தாய்மார்க்கு ஹெப்பாரின் வகை மருந்தைச் சில நாள் தோலின்கீழ் ஊசியால் ஏற்றுவர். 1916-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் ஜே மக்லீன் என்னும் வைத்திய மாணவர் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது அம்மருந்து. மாணவ நண்பர்கள் இதனை அறிந்து மகிழ்வாராக. ஊசி பாலைக் கெடுக்கும் என்று அஞ்சி அதனை இடையில் நிறுத்துவோரும் உளர். பாலூட்டும் தாய்க்கு அது தக்க மருந்தேயாம்.

நம் மாணவர் பலர் சின்னாளில் கணவராவர். பழைய மாணவர் பலர் தந்தையரும் பாட்டனாருமாயினர். வைத்தியசாலையிலிருந்து தாயையும் சேயையும் அழைத்துவரும் நாளில், கட்டணச் சீட்டையும் தொட்டிலையும் கவனித்தலோடு, "இவளுக்கு ஊசி வேண்டுமா? எத்தனை நாள்? இரவில் மூச்சு முட்டினால் எவ்விடம் கொண்டுவருவது?" என்னும் மூன்று வினாக்களையும் மருத்துவரிடம் கேட்டு, விடையைத் தாயின் முன்னிலையிலேயே எழுதிக்கொள்வாராக.