காவலரின் கைப்பிழை

பிள்ளைக்குத் தொண்டை வலித்தால், உப்புநீரில் கொப்பளிக்கச் செய்துவிட்டு நாம் வாளாவிருந்து விடுகிறோம். பெரும்பாலும் வலி தானே நீங்கிவிடும். எனினும், ஸ்டிரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டைப்புண்ணை அவ்வாறு விட்டுவிடலாகாது.

குருதியிலுள்ள வெள்ளணுக்கள் நம் உடலின் காவலர்கள். அவை இக்கிருமியை அடையாளம் கண்டு போரிடுகின்றன. அவ்வடையாளமோ நம் இதயத் திசுவின் சில புரதங்களை ஒத்திருக்கிறது. ஆகவே, 5 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகள் சிலரிடம், தொண்டைப்புண் வந்த 2 முதல் 4 வாரங்களில், காவலரே வீட்டைத் தாக்குகின்றனர். காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு மாறும் வலியும் தோன்றும். மூட்டுவலி நீங்கிவிடும், இதய வால்வில் விழுந்த வடுவோ நிலைத்துவிடக்கூடும். இதுவே ருமாட்டிக் இதய நோய்.

சளி, இருமல் இன்றிக் காய்ச்சலுடன் தொண்டை வலித்தால் மருத்துவரிடம் காட்டுவோம். உரிய காலத்தில் தரப்படும் பெனிசிலின் இந்நோயைத் தடுக்கும். ஒருமுறை தாக்குண்ட பிள்ளைக்கு, 3 அல்லது 4 வாரங்களுக்கு ஒருமுறை பெனிசிலின் ஊசி பல ஆண்டுகள் தேவை. ஒவ்வொரு புதிய தாக்குதலும் வால்வை மேலும் சிதைக்கும். பிள்ளை ஓடியாடுகிறதே என்று ஊசியை நாமே நிறுத்திவிட வேண்டாம். தேர்வு நாளை மறவாத நாம், ஊசி நாளையும் நாட்காட்டியில் குறித்து வைப்போம்.