இரத்தக்கட்டு என்னும் ஒரு சொல்

திருப்புறம் போன்ற எல்லையூர்களில் புற்றுநோய் என்று தெரிந்ததும் குடும்பத்தார் முதலில் நினைப்பது திருவனந்தபுரத்தை. 1981இல் அங்கே நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தைக் குமரி மாவட்டத்தாரும் நாடிச் செல்கின்றனர். 1956இல் விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது; நோயாளிகளின் வழித்தடம் மாறவில்லை. அவர்களுள் வீட்டில் தமிழ் பேசுவோர், மருத்துவரின் மலையாளத்தைத் தமிழாகவே கேட்டுப் பொருள்கொள்வதுண்டு. அங்கே நேரக்கூடிய ஒரு பிழையைப் பற்றியே இப்பதிவு.

கீமோதெரபி மருந்துகள் பலவும் சிறு சிரைகளைப் புண்ணாக்கவல்லவை. (சிரையை ஊர் வழக்கில் நரம்பு என்போம், மலையாளத்தில் ஞரம்பு.) ஆகவே மேற்கைச் சிரை வழியாக நீண்ட மெல்லிய குழாயொன்றைச் செலுத்தி, அதன் நுனி இதயத்தருகே பெருஞ்சிரையில் நிற்குமாறு வைக்கின்றனர். 'பிக் லைன்' என்பது இதுவே. மார்புத் தோலுக்கடியில் பொதிக்கும் 'போர்ட்' இன்னொரு வகை. மாதக்கணக்கில் உள்ளிருக்கும் குழாயைச் சுற்றி இரத்தம் உறையலாம். குழாய் சிரையின் உட்சுவரை உரசுகிறது, ஓட்டத்தை மந்தமாக்குகிறது. புற்றுநோயோ இரத்தத்தையே எளிதில் உறையும் தன்மையதாக்குகிறது. விர்கோவின் பெயரால் வழங்கும் மூன்று காரணங்களும் ஒரே கையில் கூடிவிடுகின்றன.

இதனை மலையாளத்தில் "ரக்தம் கட்டபிடிச்சு" என்பர். தமிழ்க் காதில் அது 'இரத்தக்கட்டு' என்று விழும். நம் வழக்கில் இரத்தக்கட்டு என்பதோ அடிபட்டுக் கன்றிப்போதல். அதற்கு மூசாம்பரம் பற்றுப் போடுவோம், தைலம் தடவி உருவிவிடுவோம். சிரைக்குள் உறைகட்டி இருக்கும் கையை உருவினால், அது பெயர்ந்து நுரையீரலை அடைக்கும் அபாயம் உண்டு. தமிழ்ச் செய்தித்தாள்களும் இரு பொருளுக்கும் இச்சொல்லையே ஆளக் காண்கிறேன்.

'குருதி உறைகட்டி' என்னும் கலைச்சொல் இருக்கிறதே என்பர் சிலர். வகுப்பறையில் அது நன்று. வீட்டிலிருக்கும் மூதாட்டிக்கு வேண்டியது வேறு: "குழாய் இருக்கும் நரம்புக்குள்ளே இரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது. தடவாதீர்கள், உருவாதீர்கள், உடனே வாருங்கள்."

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. வருமுன் காக்கவென்று குழாய் வைத்த எல்லார்க்கும் உறைவெதிர் மருந்து தருவதை மருத்துவ வழிகாட்டு நெறிகள் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. இரத்தக்கசிவு அச்சம் இருக்கிறது. எனவே கை வீங்குவதையும், தோள், கழுத்து வலியையும், மார்பில் நரம்பு புடைப்பதையும் முதலில் காண்பவர் வீட்டாரே. கண்டுகொண்டால் மருத்துவம் உண்டு: உறைவெதிர் மருந்து, குறைந்தது 3 மாதம். குழாய் இன்னும் தேவைப்பட்டு, நன்கு இயங்கி, தொற்றின்றி இருந்தால் பெரும்பாலும் அதை எடுக்கவும் வேண்டியதில்லை.

இதை மருத்துவமனைகளின் குறையாக மட்டும் நான் எழுதவில்லை. ஒரு சொல்லைக் கேட்டவர் அடுத்து என்ன செய்வார் என்று வினவும் வழக்கம் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடும் நம்மிடமும் குறைவு. எல்லைப் பகுதியில் களப்பணி செய்யும் மாணவர்கள், குழாயுடன் வீடு திரும்பியவர்களின் குடும்பத்தாரிடம் 'இரத்தக்கட்டு' என்றால் என்னவென்று கேட்டு, அவர்கள் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள்.